முதல் கேம்பெயினுக்கு எத்தனை பிடிஎஃப் வேண்டும்?

பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டு மொட்டைமாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்து பேர், ஒரு பாய். டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். பெயரில்தான் டேபிள் இருக்கிறது, ஆட்டத்துக்கு அதுகூடக் கட்டாயமில்லை. ஐவரில் ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் அல்லது ஜிஎம் என்பார்கள். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை பேசும். கோட்டைச் சுவர் ஏறுவதற்கு 15 வேண்டும் என்று டிஎம் வைத்துக்கொள்கிறார். நீங்கள் இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் உடல்வலுவுக்கான எண்ணைக் கூட்டுகிறீர்கள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏறிவிட்டீர்கள். இப்படி ஒரே பாத்திரங்களோடு வாரக்கணக்கில் தொடரும் கதைதான் கேம்பெயின். ஒரு நாள் உட்காருவது ஒரு செஷன்.

இதற்கு வேண்டிய விதிகள், வரைபடங்கள், அரக்கர்கள், இசை எல்லாமே சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. புதியவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான். கிடைப்பதையெல்லாம் இறக்கி வைத்து, நான்கு வகை விதிநூல்களில் இருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்து, கடைசியில் எதுவும் எதோடும் ஒட்டாமல் மூன்றாவது செஷனில் ஆட்டம் படுத்துவிடும். ஆகவே தேடத் தொடங்கும் முன்பு ஒரு கணக்கு: முதல் செஷனுக்கு ஒரு விதிநூல், ஒரு சிறு சாகசம், ஒரு மேப், ஆளுக்கு ஒரு கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் தாள். மிச்சமெல்லாம் பிறகு.

இலவசம் என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, உரிமையாளரே திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதை எடுக்கலாம், மாற்றலாம், தமிழில் மொழிபெயர்த்து ஊருக்குக் கொடுக்கலாம். இரண்டு, படிக்க மட்டும் இலவசம். உங்கள் மேசையில் ஆடலாம், ஆனால் மறுபதிப்புச் செய்ய முடியாது. மூன்று, டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ஸ்கேன் பிரதிகள். அவை திருட்டு. அறத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பயன் குறைவு: தேட முடியாத ஸ்கேன், விட்டுப்போன பக்கங்கள், எந்தப் பதிப்பு என்றே தெரியாத அட்டை. முதல் வகையில் கிடைப்பதை ஆடி முடிக்கவே பல வருஷம் ஆகும் என்னும்போது மூன்றாவதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

முதல் வகை எப்படி இவ்வளவு பெருகியது என்பதற்கு ஒரு சண்டை காரணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி&டி) 1974இல் வந்த ஆட்டம். அதன் இன்றைய உரிமையாளர் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 2000ஆம் ஆண்டிலேயே விதிகளின் மையப் பகுதியைப் பிறர் பயன்படுத்தலாம் என்று ஓர் உரிமத்தை வெளியிட்டது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்கப் பார்ப்பதாகச் செய்தி கசிந்ததும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் நிறுவனம் பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1 என்ற விதித்தொகுப்பை, பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டது. அந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. 2024இல் விதிகள் புதுப்பிக்கப்பட்ட பிறகு, அதற்கு இணையான எஸ்ஆர்டி 5.2 என்ற தொகுப்பு 2025இல் அதே உரிமத்தில் வந்தது.

எஸ்ஆர்டி என்பது முழு நூல் இல்லை, எலும்புக்கூடு. எஸ்ஆர்டி 5.1இல் போர்வீரன், மந்திரவாதி போன்ற 12 வகுப்புகளும் (பாத்திர வகைகள்) உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கிளைதான். பாத்திரத்தின் பின்புலம் என்று ஒன்றே ஒன்று. மந்திரங்களும் 300க்கு மேற்பட்ட மான்ஸ்டர்களும் தாராளமாக இருக்கின்றன. அகராதி போல எழுதப்பட்டிருப்பதால், அதை முதல் பக்கத்திலிருந்து படித்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முயன்றால் தூக்கம்தான் வரும். கற்பதற்கு டி&டி பியாண்ட் தளத்தில் உள்ள இலவச அடிப்படை விதிகளைப் படியுங்கள், சந்தேகத்துக்கு எஸ்ஆர்டியைப் புரட்டுங்கள். அதே தளத்தின் இலவசக் கணக்கில் ஆறு பாத்திரங்கள் வரை உருவாக்கி வைக்கலாம். கூட்டல் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்ளும்.

உண்மையில் முதல் ஆட்டத்துக்கு டி&டிதான் வேண்டும் என்பதில்லை. பெயர் தெரிந்த ஆட்டம் என்பதால் எல்லோரும் அங்கே போய் நிற்கிறார்கள். நான்கு பேரும் புதியவர்கள், டிஎம்மும் புதியவர் என்றால் கெயர்ன் என்ற சிறு விதிநூலைச் சிபாரிசு செய்யலாம். வகுப்புகளே கிடையாது. ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டி, மூன்று குணங்களைக் குறித்துக்கொண்டால் பாத்திரத்தின் உடம்பு ரெடி. பத்துப் பொருள்கள்தான் சுமக்க முடியும். தாக்கினால் படுமா படாதா என்று உருட்டுவதே இல்லை, நேராக எவ்வளவு அடி என்றுதான் உருட்டுவீர்கள். அதனால் சண்டை சீக்கிரம் முடியும், ஆளும் சீக்கிரம் சாவார். அந்த நூலும் கிரியேட்டிவ் காமன்ஸ்தான். பழைய பாணி நிலவறை ஆட்டம் பிடித்தவர்களுக்குப் பேசிக் ஃபேன்டசி இருக்கிறது. விதிநூல் மட்டுமல்லாமல் சாகசத் தொகுப்புகளும் அதன் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசம். விதிகளின் ஆழம் வேண்டும், கணக்குப் பார்க்கப் பொறுமை உண்டு என்பவர்கள் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்குப் போகலாம். அதன் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் என்ற தளத்தில், பைசோ நிறுவனத்தின் சம்மதத்தோடே கிடைக்கின்றன. ஒயிட்ஃபீல்டில் தனியாக அறை எடுத்துத் தங்கி, கூட ஆட ஆளில்லாமல் இருப்பவருக்கு அயர்ன்ஸ்வோர்ன். டிஎம் இல்லாமலே ஒருவர் மட்டும் ஆட முடியும், பிடிஎஃப் இலவசம்.

எதைத் தேர்ந்தாலும் அதன் பதிப்பு எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஏன் இந்தக் கெடுபிடி என்பதற்கு ஒரு கணக்கு.

முதல் லெவலில் நான்கு பாத்திரங்கள். எதிரே நான்கு கோப்ளின்கள், அதாவது குட்டி அரக்கர்கள். டி&டி 2014 விதிப்படி ஒரு கோப்ளினுக்கு 50 அனுபவப் புள்ளி, ஆக 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டமாக அடிப்பதன் வேகம் வேறு. இப்போது 400. முதல் லெவல் ஆளுக்கு 100 என்பதே உயிராபத்தான சண்டையின் எல்லை. நான்கு பேருக்கு 400. அதாவது ஆள் சாகக்கூடிய சண்டை. இதே நான்கு கோப்ளின்களை 2024 விதியில் போடுங்கள். பெருக்கல் கிடையாது, 200 புள்ளி 200ஆகவே நிற்கும். ஆளுக்கு 50 என்பது எளிய சண்டையின் எல்லை, ஆக நான்கு பேருக்கு 200. இது எளிய சண்டை! கோப்ளினும் அதே கோப்ளின் இல்லை. பழையதற்கு உயிர் 7, புதிய கோப்ளின் வீரனுக்கு 10. ஒரு பதிப்பின் சாகசத்தை இன்னொரு பதிப்பின் கணக்கோடு ஓட்டினால் என்ன ஆகும் என்று இனி விளக்க வேண்டியதில்லை. பழைய கோப்ளினின் ஓர் அம்பு 3 முதல் 8 வரை உயிரைக் குறைக்கும். முதல் லெவல் மந்திரவாதிக்கு இருப்பதே ஏழோ எட்டோ. முதல் சண்டையின் முதல் சுற்றிலேயே ஒருவர் விழுந்து, அவர் மீதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டாம். கோபோல்ட் பிளஸ் ஃபைட் கிளப், டான்ஜான் போன்ற இலவசத் தளங்களில் எத்தனை பேர், எந்த லெவல், எந்த மான்ஸ்டர் என்று கொடுத்தால் போட்டுத் தரும். எந்தப் பதிப்பின் முறையில் போடுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி, விசிறிகள் நடத்தும் விக்கிகள். கூகிளில் ஒரு வகுப்பின் பெயரைத் தட்டினால், ஆளாளுக்கு எழுதிச் சேர்த்த சரக்கு அதிகாரபூர்வ விதி மாதிரியே வந்து நிற்கும். பக்கத்தில் ஹோம்ப்ரூ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதல் கேம்பெயினில் அது வேண்டாம்.

அடுத்தது சாகசம். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் விலை பூஜ்யம் என்றும், விரும்பியதைக் கொடுங்கள் என்றும் போட்டிருக்கும் கோப்புகள் ஏராளம். இட்ச் தளத்திலும் அப்படியே. ஒரே பக்கத்தில் ஒரு முழு நிலவறையை அடக்கும் போட்டி ஒன்று 2009 முதல் நடந்திருக்கிறது. ஒன் பேஜ் டன்ஜன் என்று தேடினால் அதன் படைப்புகள் கிடைக்கும். புது டிஎம்முக்கு 60 பக்கச் சாகசத்தைவிட இந்த ஒரு பக்கம் மேல். நடத்திக்கொண்டிருக்கும்போது பக்கம் புரட்டுவதுதான் ஆட்டத்தைத் தூங்க வைக்கும் முதல் காரணம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அறைகளை எண்ணுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஐந்து அறை போதும், அதில் சண்டை இரண்டுக்கு மேல் கூடாது. புதியவர்கள் ஆடும் ஒரு சண்டை முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிடும்.

மேப்புக்கு இரண்டு வழி. வரைந்ததை எடுக்கலாம், அல்லது இயந்திரத்தை வரையச் சொல்லலாம். டைசன் லோகோஸ் என்ற பெயரில் கறுப்பு வெள்ளைக் கோட்டோவிய மேப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வண்ண மேப்பைவிட இவை நமக்கு உகந்தவை, ஏனென்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சாதா பிரிண்ட் எடுத்தாலே தெளிவாக விழும். இயந்திர வழியில் வாட்டபூவின் நகர மேப்பும் ஒற்றைப் பக்க நிலவறையும் பேர்போனவை. ஒரு சொடுக்கில் மதிலும் கடைத்தெருவும் உள்ள ஊர் ஒன்று முளைக்கும். பிடித்த ஊர் வந்தவுடன் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாவலை மூடினால், அடுத்த முறை திறக்கும்போது அந்த ஊர் கிடைக்காமல் போகலாம்.

பிரிண்ட் எடுப்பதில் எல்லோரும் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள். சண்டை மேப்பில் ஒரு கட்டம் ஓர் இஞ்ச், அது ஆட்டத்தில் ஐந்து அடி. கோப்பு அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும், அதாவது 216 மி.மீ. அகலம். நம் ஏ4 அதைவிட ஆறு மி.மீ. ஒடுக்கம். கடைக்காரர் வழக்கம்போலப் பக்கத்துக்குப் பொருந்தும்படி என்பதை அழுத்திவிடுவார், கட்டம் இஞ்சுக்குக் குறைந்துவிடும். நூறு சதவீதம், அசல் அளவு என்று கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை. 20க்கு 15 கட்டம் உள்ள மேப்பை, அடோபி ரீடரில் போஸ்டர் என்ற வசதியால் ஏ4 தாள்களாகப் பிரித்தால், தாளைப் படுக்கைவாட்டில் வைக்கும்போது நான்கு தாள், நெட்டுவாட்டில் ஆறு தாள் வரும். அவற்றை ஒட்டிக்கொள்ளலாம். இதுவும் தொல்லை என்றால், 22க்கு 28 இஞ்ச் சார்ட் பேப்பர் ஒன்றை வாங்கி இஞ்சுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். இந்த அளவு நிலவறை அதில் அடங்கும்.

மினியேச்சர் பொம்மைகளுக்குப் பணம் போடாதீர்கள். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் இரண்டும் ஓர் இஞ்ச் கட்டத்துக்குள் அழகாக உட்காரும். பத்து ரூபாய் 27 மி.மீ., கோட்டைத் தாண்டும். கேரம் காய் அதைவிடப் பெரிது, ஓக்ர் போன்ற பருத்த எதிரிக்கு வேண்டுமானால் வைக்கலாம். நாணயத்தின் மேல் ஒட்டக் குறிப்படம் வேண்டுமென்றால் கேம்ஐகான்ஸ் தளத்தில் 4,000க்கு மேற்பட்ட கறுப்பு வெள்ளைச் சின்னங்கள் உண்டு.

பகடை ஏழு வகை ஒரு செட்: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள், கூடவே சதவீதத்துக்கு இன்னொரு பத்து. கையில் இல்லையென்றால் கூகிள் தேடலில் பகடை உருட்டு என்பதை ஆங்கிலத்தில் தட்டினாலே உருட்டித் தரும். பாட்டி வீட்டுத் தாயக்கட்டையையும் எடுத்து வையுங்கள். நான்கு நீளப் பக்கங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. வெறுமையை நான்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டையே நால்முகப் பகடை. பிளாஸ்டிக் நால்முகப் பகடை கூர்க்கோபுர வடிவம், சரியாக உருளாது, மிதித்தால் காலில் ஏறும். கட்டை அதைவிடத் தேவலை.

பெங்களூரில் ஐந்து பேரை ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் எல்லா மான்ஸ்டரையும்விடப் பெரிய மான்ஸ்டர். ஒருவர் எலக்ட்ரானிக் சிட்டி, ஒருவர் ஹெப்பால், நடுவில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல். வாரம் ஒருமுறை என்று முடிவெடுத்தால் பாதி செஷனாவது ஆன்லைனில்தான் நடக்கும். கூகிள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்தில் துண்டாகும், ஜூம் 40 நிமிடம். சண்டையின் நடுவில் அறுந்தால் யார் முறை என்பதே மறந்துபோகும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் அந்த எல்லை இல்லை, அவ்ரே என்ற தானியங்கி நிரலைச் சேர்த்தால் பகடையும் அங்கேயே. மேப் பகிர ஔல்பேர் ரோடியோ போதும். டிஎம் மட்டும் கணக்குத் தொடங்கி, மற்றவர்களுக்கு இணைப்பை அனுப்பினால் போதும், போனிலும் ஓடும். ரோல்20இல் கேரக்டர் ஷீட் உட்பட எல்லாம் இருக்கிறது, ஆனால் போனில் கனக்கும், இலவச இடமும் 100 எம்பிதான். பத்து எம்பி வண்ண மேப்புகளை ஏற்றினால் ஒரு மாதத்தில் நிரம்பிவிடும். அதில் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல் கணக்கு. ஆகவே 20க்கு 15 மேப் என்றால் 1400க்கு 1050 பிக்சலுக்குச் சுருக்கி ஏற்றுங்கள். கோடுகளும் பொருந்தும், இடமும் மிச்சம்.

பின்னணி ஒலிக்கு டேபிள்டாப் ஆடியோ. மழைக்காடு, மதுக்கடை, சுரங்கம் என்று ஒவ்வொன்றும் பத்து நிமிட ஒலித்தடம். வீட்டில் ஆடும்வரை எந்தக் கேள்வியும் இல்லை. செஷனைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றிக் காசு பார்க்க நினைத்தால்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பெயரில் உள்ள எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். பை (BY) என்றால் பெயர் சொல்ல வேண்டும். எஸ்ஏ என்றால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. என்டி என்றால் மாற்றக்கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். டேபிள்டாப் ஆடியோவில் என்சி உண்டு. எஸ்ஆர்டி வெறும் பை, ஆகையால் தமிழில் பெயர்த்து விற்கக்கூட முடியும். எந்த வாக்கியத்தைப் போட்டு நன்றி சொல்ல வேண்டும் என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், அதை அப்படியே சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஊர்ப்பெயர்கள். இலவசப் பெயர் இயந்திரங்கள் கொடுப்பதெல்லாம் வடக்கு ஐரோப்பாவில் இருந்து வந்தது போல ஒலிக்கும், தமிழில் பேசி ஆடும்போது நாக்கில் இடறும். அஸ்காரின் ஃபேன்டசி மேப் ஜெனரேட்டரில் இதற்கு வழியுண்டு. கண்டங்களையும் நாடுகளையும் வரையும் அந்த இலவசக் கருவியில் பெயர்த்தளம் என்ற பகுதியைத் திறந்து, காற்புள்ளியிட்டு உங்கள் பெயர்களைக் கொடுத்தால், அவற்றின் ஒலிக்கோவையைக் கற்றுப் புதுப் பெயர்களை உண்டாக்கும். இருபது பெயர் கொடுத்தால் அதையே திருப்பித் துப்பும், நூறாவது கொடுங்கள். தமிழ் எழுத்தில் கொடுத்தால் கொம்பும் காலும் தனியே பிரிந்து விழ வாய்ப்புண்டு, அதனால் ரோமன் எழுத்தில் தட்டுவது நல்லது.

பெயருக்கு எங்கே போவது? 1905இல் வந்த எபிகிராஃபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதி, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள், இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேனாக இருக்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டுகளும் நிறைய. தொம்மலூரைக் குறிக்கும் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரை எந்த இயந்திரம் உண்டாக்கும்? பேகூர்க் கோயிலில் உள்ள ஒரு நடுகல், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெங்களூர்ச் சண்டை ஒன்றைக் கன்னடத்தில் சொல்கிறது. சண்டையில் இறந்தவனுக்கு நட்ட கல்லை யாரோ இரவோடு இரவாகப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள், ஊரார் உங்கள் நால்வரையும் தேடி வருகிறார்கள் என்று தொடங்கினால் முதல் செஷன் கையில். வரைந்த உலகத்தை மட்டும் உலாவியின் நினைவில் விட்டுவைக்காமல் மேப் கோப்பாகவே கணினியில் இறக்கி, ஒரு பிரதியை டிரைவிலும் போட்டு வையுங்கள். உலாவித் தரவை யாராவது துடைத்தால் தேசிமாணிக்கப் பட்டணமும் அதோடு போய்விடும்.